21 கியர் இருந்தும் ஏற்காட்டில் இறங்கித் தள்ள வேண்டி வருவது ஏன்?

ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். 21 கியர் ஹைப்ரிட் சைக்கிள். முன்னால் மூன்று பல்சக்கரம், 48-38-28 பல்; பின்னால் ஏழு, 14 முதல் 28 பல் வரை; டயர் அளவு 700×32. ஏற்காடு ஏறப் போனவர் பாதி வளைவுகளைத் தாண்டியதும் தொடை பிடித்துக்கொள்ள, இறங்கித் தள்ளியிருக்கிறார். "எடை குறைவான ரோடு பைக் வாங்கினால் ஏறிவிடலாமா, இல்லை இதிலேயே கியரை மாற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரணத்துக்காக ரோடு பைக் (பந்தய பாணிச் சைக்கிள்) வாங்க வேண்டாம். தொடக்க விலை ரோடு பைக்குகள் பலவற்றில் இருக்கும் ஆக லேசான கியர், உங்கள் சைக்கிளின் லேசான கியரைவிடக் கனமானது. பணத்தைக் கொடுத்து இன்னும் சிரமத்தை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பெருக்கலும் வகுத்தலும்தான், பயப்பட வேண்டாம்.

முன் பல் எண்ணிக்கையைப் பின் பல் எண்ணிக்கையால் வகுங்கள். 28-ஐ 28-ஆல் வகுத்தால் 1. அதாவது மிதியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின் சக்கரமும் ஒரு சுற்று சுற்றும். 700×32 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.15 மீட்டர். ஆகவே உங்கள் ஆக லேசான கியரில் ஒரு சுற்று மிதித்தால் 2.15 மீட்டர் நகர்வீர்கள். முன்னால் நடுப் பல்லான 38-இல் வைத்திருந்தால் 38/28 = 1.36, ஒரு சுற்றுக்கு 2.9 மீட்டர். ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் என்ற இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் 21, 24, 27 எல்லாம் விற்பவருக்கு உதவும் எண்கள், ஏறுபவருக்கு உதவாது.

அந்த 21-இன் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். 42-34-24 என்ற முன் செட்டும் 14-28 பின் செட்டும் உள்ள சைக்கிள்கள் நிறைய ஓடுகின்றன. அதில் 42/24 என்பது 1.75. 34/20 என்பது 1.70. 24/14 என்பது 1.71. மூன்று தனித்தனி கியர் என்று எண்ணிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்; காலுக்கு மூன்றும் ஒன்றுதான். போதாததற்கு, முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் என்று போட்டால் செயின் கோணலாக ஓடி உரசும். சின்னதும் சின்னதும் போட்டால் தொங்கும். இவற்றைக் கழித்தால் உண்மையில் பயன்படுவது பத்துப் பன்னிரண்டு கியர்தான். அதிலும் மலைக்கு வேண்டியது கடைசி இரண்டு மூன்றே.

சரி, மலைக்கு வருவோம். 5 சதவீத ஏற்றம் என்றால் 100 மீட்டர் போவதற்குள் 5 மீட்டர் உயர்வது. ஏற்காட்டுச் சாலை அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் உயர்கிறது, 20 கொண்டை ஊசி வளைவுகளோடு. சராசரி 5 சதவீதம். சராசரி என்பது கொஞ்சம் ஏமாற்றுகிற எண்; வளைவுகளிலும் சில நேர் துண்டுகளிலும் அது 8, 10 என்று துள்ளும், நடுவில் சில இடங்களில் ஏறக்குறையச் சமமாகிவிடும். உங்களை இறக்கிவிட்டது சராசரி அல்ல, அந்தத் துள்ளல்தான்.

உங்கள் எடை 70 கிலோ, சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 15 கிலோ என்று வைப்போம். மொத்தம் 85. 10 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு உங்களைப் பின்னால் இழுக்கும் விசை 83 நியூட்டன். டயர் உருள்வதில் போவது இன்னொரு 5. காற்றின் எதிர்ப்பு இந்த வேகத்தில் கணக்கில் வராது. ஆக 88 நியூட்டனை எதிர்த்துத் தள்ள வேண்டும். பயிற்சி இல்லாத, ஆனால் ஆரோக்கியமான ஒருவர் இரண்டு மணி நேரம் தாங்கிக் கொடுக்கக்கூடிய சக்தி சுமார் 120 வாட் என்று வைத்தால், அந்த ஏற்றத்தில் அவருடைய வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். இதை எந்தக் கியராலும் மாற்ற முடியாது. வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் உடல் தரும் சக்தியும் நீங்கள் தூக்கிப் போகும் எடையும். கியர் தீர்மானிப்பது, அதே 5 கிலோமீட்டர் வேகத்தில் கால் எத்தனை முறை சுற்றுகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது என்பதை மட்டும்.

மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 83 மீட்டர். 38/28 கியரில் நிமிடத்துக்கு 29 சுற்று. மிதியில் சுற்று முழுக்கச் சராசரியாக 25 கிலோ அழுத்தம் வேண்டும். 28/28-இல் 39 சுற்று, 18 கிலோ. பின்னால் 28-க்குப் பதில் 34 பல் போட்டிருந்தால் 47 சுற்று, 15 கிலோ. முன்னால் 24, பின்னால் 34 என்றால் 55 சுற்று, 13 கிலோ. எல்லாவற்றிலும் வேகம் அதே 5 கிலோமீட்டர்தான், செய்யும் வேலையும் அதேதான். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு 85 கிலோவைத் தூக்கும் வேலை 834 கிலோஜூல். ஐந்நூறு ரூபாய்க் கடனை ஒரே நோட்டாக அடைப்பதா, பத்துப் பத்தாக அடைப்பதா என்பதுபோல. கடன் குறையாது, கொடுக்கும் விதம்தான் மாறும்.

இந்த விதம் ஏன் அவ்வளவு முக்கியம்? மேலே சொன்ன 25 கிலோ, 18 கிலோ எல்லாம் சராசரி. மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. மிதி மாட்டியிருக்கும் தண்டு, அதாவது கிராங்க், படுக்கைவாட்டில் வரும் கணத்தில்தான் முழு அழுத்தமும் விழுகிறது. அந்தக் கணத்தில் அழுத்தம் சராசரியைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல், இரண்டு மடங்கு வரை போகும். அவ்வளவு பலமாகத் தசை இறுகும்போது அதற்குள் ஓடும் ரத்தமே நெருக்கப்படுகிறது. சீக்கிரம் களைக்கிற, வேகமும் பலமும் கொண்ட தசை இழைகளைக் கூப்பிட வேண்டிவருகிறது. அவை கையிருப்புச் சர்க்கரையைத் தாராளமாகச் செலவழிக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். லேசான கியரில் சுற்று கூடுகிறது, ஒவ்வொரு அழுத்தமும் குறைகிறது, பாரம் தொடையிலிருந்து நெஞ்சுக்கு மாறுகிறது. மூச்சு வாங்கும், ஆனால் மூச்சு வாங்கினால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து மீண்டுவிடலாம். தொடை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு மீளாது.

அதற்காகச் சுற்றைக் கூட்டிக்கொண்டே போவதும் வீண். வெறுமனே காலைச் சுழற்றுவதற்கே சக்தி செலவாகிறது. ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். தட்டை ரோட்டில் 90 சுற்றும் பந்தயக்காரர்கள்கூட மலையில் 70-ஐ ஒட்டி வந்துவிடுகிறார்கள். 50-க்குக் கீழே போனால் முட்டியும் தொடையும் கணக்கு எழுதத் தொடங்கும். 40-க்குக் கீழே நீண்ட நேரம் போகிறீர்கள் என்றால் உங்கள் கியர் அந்த மலைக்குப் பற்றவில்லை, அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் வலது கால் எத்தனை முறை கீழே போகிறது என்று வாட்சைப் பார்த்து எண்ணினாலே போதும், இதற்கென்று கருவி எதுவும் வேண்டாம்.

நம் ஊர் சாதாரண சைக்கிளை இதில் வைத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். முன்னால் 44, பின்னால் 18 பல், 28 அங்குலச் சக்கரம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர். சமதரையில் நிதானமாக மணிக்கு 16, 18 கிலோமீட்டர் போக அருமையான கியர். ஆனால் சைக்கிளே 20 கிலோவைத் தாண்டும். 10 சதவீத ஏற்றத்தில் மிதியில் சராசரி அழுத்தம் 50 கிலோவுக்கு மேல் வேண்டும். உச்ச அழுத்தம் ஓட்டுகிறவரின் முழு எடையைத் தாண்டிவிடும். சீட்டை விட்டு எழுந்து, உடம்பு எடை முழுவதையும் ஒரே மிதியில் போட்டாலும் பற்றாது. ஹேண்டில்பாரை மேலே இழுத்து அந்த எதிர்விசையையும் காலுக்குச் சேர்க்க வேண்டும். நம் ஊர் மேம்பாலங்களில் பால்காரரும் தபால்காரரும் இறங்கித் தள்ளுவது உடம்பில் தெம்பு இல்லாமல் அல்ல. அந்தப் பல்லில் யார் ஏறினாலும் அதுதான் கணக்கு.

இப்போது ரோடு பைக். முன்னால் 50-34, பின்னால் 11-28 என்று வருவது தொடக்க ரகங்களில் பார்க்கக்கூடியதுதான். ஆக லேசான கியர் 34/28 = 1.21. உங்களுடையது 1.0. சைக்கிள் எடை 4 கிலோ குறைந்தாலும் 85-இல் 4 என்பது 5 சதவீதத்துக்கும் கீழே. கியர் கனமாவதோ 21 சதவீதம். 10 சதவீத ஏற்றத்தில் மிதி அழுத்தம் 18 கிலோவிலிருந்து ஏறக்குறைய 21 கிலோவாகக் கூடும், சுற்று 34-க்கு இறங்கும். பின்னால் 34 பல் வரை வருகிற ரோடு பைக்குகள் இப்போது பெருகிவிட்டன, அது நல்ல மாற்றம். ஆனால் 34/34 என்பதும் 1 தான். உங்கள் சைக்கிளில் ஏற்கெனவே இருக்கிற கியர். சமதரையில் ரோடு பைக் சுகமாகப் பறக்கும், அதற்காக வாங்குங்கள். மலையில் இறங்கித் தள்ளியதற்கு மருந்தாக வாங்காதீர்கள்.

பந்தயக்காரர்கள் இதைவிடக் கனமான கியரில் ஏறுகிறார்களே என்று கேட்கலாம். 1990-களில் ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் முன்னால் 39, பின்னால் 23 என்பது சாதாரணம். ஒரு சுற்றுக்கு 3.5 மீட்டருக்கு மேல். 10 சதவீத ஏற்றத்தில் 400 வாட் கொடுத்து மணிக்கு 18 கிலோமீட்டரில் ஏறுகிறவருக்கு அந்தக் கியரில் 84 சுற்று வரும். நமக்கு அதே கியரில், அதே ஏற்றத்தில், 5 கிலோமீட்டர் வேகத்தில் 23 சுற்று. அவர் கால் சுற்றுவதும் நம் கால் சுற்றுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமானால் நம் கியர் அவருடையதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இருக்க வேண்டும். மலைக்கு ஆக லேசான கியர் தேவைப்படுவது ஆகப் பலவீனமானவருக்கு. கடையில் நடப்பது தலைகீழ்: வலுவானவர் ஓட்டும் சைக்கிளின் நகலைத்தான் புதியவருக்கு விற்கிறார்கள்.

இந்த வீம்பு பழசு. பிரான்சின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் 1903-இல் தொடங்கியது. அதை நடத்திய ஆன்றி தெகிராஞ் பல கியர் சைக்கிள்களை ஏளனமாகத்தான் பார்த்தார். 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதெல்லாம் என்ற பொருளில் 1902-லேயே எழுதியவர். ஓடும்போதே கியர் மாற்றும் டிரெயிலியர் கருவியைப் பந்தய வீரர்கள் அந்தப் போட்டியில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது 1937-இல்தான், அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு. அதுவரை என்ன செய்தார்கள்? பின் சக்கரத்தின் இருபக்கமும் வெவ்வேறு அளவில் பல் வைத்திருப்பார்கள். மலையடியில் இறங்கி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, செயினை மாட்டி ஏறுவார்கள். உச்சியில் மறுபடி இறங்கித் திருப்புவார்கள். 1927-இல் இத்தாலியின் குரோச்சே தாவுனே கணவாயில் பனியில் கை விறைத்து நட்டைக் கழற்ற முடியாமல் தவித்த துல்லியோ காம்பன்யோலோதான் பிறகு ஒரே நெம்பில் சக்கரத்தைக் கழற்றும் லீவரைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். இன்னொரு பக்கம், பிரான்சின் செந்தெத்தியனில் வாழ்ந்த போல் தெ விவீ, வெலோசியோ என்ற புனைபெயரில், சாதாரண மனிதன் மலை ஏற வேண்டுமானால் பல கியர் வேண்டும் என்று எழுதி எழுதியே 1930-இல் கண்ணை மூடினார். தெகிராஞ் பந்தயத்தைப் பார்த்தார், வெலோசியோ ஊர் சுற்றுகிறவரைப் பார்த்தார். ஏற்காடு ஏறும் நாம் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று பந்தயக்காரர்களும் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ஜப்பானிய கியர் நிறுவனமான ஷிமானோ 2021-இல் கொண்டுவந்த தன் ஆக உயர்ந்த ரோடு செட்டான டூரா-ஏஸுக்கே பின்னால் 34 பல் கொடுத்தது.

உங்கள் கதைக்குத் திரும்புவோம். 28/28 கியரில் 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் போனால் சுற்று 70. அருமையான எண். அதாவது மலையின் பெரும்பகுதிக்கு உங்கள் சைக்கிளில் இருக்கிற கியரே போதும். அப்படியானால் நீங்கள் பாதியில் தொடை பிடித்து நின்றதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, முன் பல் 28-க்கு இறங்கவே இல்லை. இந்த ரக சைக்கிள்களில் முன் கியர் ஒயர் துருப்பிடித்தோ, திருகு சரியாக வைக்கப்படாமலோ, செயின் நடுப் பல்லிலேயே உட்கார்ந்திருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது சின்னப் பல்லே தேவைப்படாததால் யாருக்கும் தெரியாது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இடது கை கியரை 1-க்குத் தள்ளுங்கள். செயின் ஒரே தட்டலில் சின்னப் பல்லில் விழ வேண்டும். தயங்கினால் ஒயரை மாற்றி, உள்பக்க எல்லைத் திருகைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கழன்று கிராங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் விழுந்தாலும் அதே திருகுதான், எதிர்த் திசையில்.

இரண்டாவது காரணம், அடிவாரத்தில் தெம்பு இருக்கிறதென்று முதல் சில வளைவுகளை நடுப் பல்லில் ஏறியிருப்பீர்கள். 38/28-இல் அதே 9 கிலோமீட்டருக்கு 51 சுற்று. தாங்கும், தாங்குகிற மாதிரியே இருக்கும், ஒரு மணி நேரம் கழித்துப் பில் வரும். முதல் வளைவிலிருந்தே சின்னப் பல்லில் உட்கார்ந்துவிடுங்கள். பக்கத்தில் பேசிக்கொண்டு வரும் ஆளோடு முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் மூச்சு இருக்கட்டும். இது கியர் சமாசாரம் இல்லை, ஆனால் லேசான கியர் இல்லாமல் இப்படி நிதானமாக ஏறவும் முடியாது.

வளைவுகளைப் பற்றி ஒரு நுணுக்கம். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே உயரம்தான் ஏறுகின்றன, ஆனால் தூரம் ஒன்றல்ல. உள்விளிம்பின் ஆரம் 6 மீட்டர், வெளி விளிம்பின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்தால், உள்ளே திரும்ப 19 மீட்டர், வெளியே 38 மீட்டர். வளைவுக்குள் 2 மீட்டர் உயரம் ஏறுவதானால் உள்பக்கம் 10 சதவீதத்துக்கு மேல், வெளிப்பக்கம் 5-ஐ ஒட்டி. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே ஏறும்போது வலது பக்கம் திரும்பும் வளைவில் தானாகவே வெளிப்பக்கம், அதாவது சுலபமான பாதை, கிடைக்கிறது. இடது பக்கம் திரும்பும் வளைவில் செங்குத்தான உள்விளிம்பில் மாட்டுகிறோம். அந்த வளைவுக்கு 20 மீட்டர் முன்பே கியரை இறக்கி வையுங்கள். வளைவுக்குள் போய், கால் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும்போது கியரைத் தட்டினால் செயின் கரகரவென்று அரைக்கும், பல்லில் ஏறாது. அதற்குள் வேகம் செத்துப்போய் கால் தரைக்கு வந்துவிடும். முன் பல் மாற்றத்துக்கு இது இரட்டிப்பு உண்மை. மாற்றுகிற அரைச் சுற்றுக்கு அழுத்தத்தைத் தளர்த்தி, சும்மா சுற்றிவிட்டு, மறுபடி அழுத்துங்கள். உள்விளிம்புச் செங்குத்தைத் தவிர்க்க நடுச்சாலைக்கு விலகலாம் என்று தோன்றும். மேலிருந்து பஸ் இறங்குகிறதா என்று காதால் கேட்டு, கண்ணால் பார்த்து உறுதியானால் மட்டும்.

எழுந்து மிதிப்பதும் சரியான இடத்தில் நல்ல கருவிதான். எழும்போது உடம்பு எடை மிதிக்கு வருவதால் சுற்று குறைந்து அழுத்தம் கூடும். அதனால் எழுவதற்கு முன் ஒன்றோ இரண்டோ பல் கனமாக மாற்றிக்கொண்டு எழ வேண்டும். ஆக லேசான கியரில் எழுந்தால் கால் வழுக்கிக்கொண்டு கீழே போகும், சைக்கிள் ஆடும். ஒரு செங்குத்துத் துண்டைத் தாண்டவும், உட்கார்ந்தே மரத்துப்போன இடுப்புக்கு ஓய்வு கொடுக்கவும் எழுங்கள். நின்றுகொண்டே மலை ஏற முயன்றால் இதயத் துடிப்பு எகிறிவிடும்.

இனி எதை மாற்றலாம். மேலே சொன்ன இரண்டையும் சரிசெய்து ஒருமுறை ஏறிப் பார்த்தபின், அந்த 10 சதவீதத் துண்டுகளுக்கு மட்டும் கியர் பற்றவில்லை என்றால் இரண்டு வழி.

பலரும் சொல்வது ப்ரீவீலை, அதாவது பின் சக்கரத்தின் பல் செட்டை, மாற்றுவது. ஏழு பல்சக்கரம் கொண்ட செட்டில் 14-34 என்று கிடைக்கிறது. இருப்பதிலேயே செலவு குறைந்த வழி. ஆனால் இந்த ரகத்தில் பரவலாகக் கிடைப்பதன் பல் வரிசையைப் பாருங்கள்: 14-16-18-20-22-24, அப்புறம் ஒரே தாவலாக 34. நடுவில் 28 கிடையாது. 24-இல் ரொம்பக் கனமாகவும் 34-இல் ரொம்ப லேசாகவும் இருக்கும் 6, 7 சதவீத ஏற்றங்களில்தான் நம் மலைச்சாலைகள் நிறைய நேரம் கழிக்கின்றன. ஒவ்வொரு முறை 34-க்குத் தாவும்போதும் கால் திடீரென்று காற்றில் சுற்றுகிற மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடித்தது மற்ற வழி: முன் கிராங்க் செட்டை 48-38-28-லிருந்து 42-34-24-க்கு மாற்றுவது. பின்னால் இருக்கிற 14-28 அப்படியே இருக்கட்டும். 24/28 = 0.86, 28/34-க்கு ஏறக்குறையச் சமம், தாவலும் இல்லை. இழப்பது மேல்முனையில்: 48/14-இல் 90 சுற்றுக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வரும், 42/14-இல் 35 வரும். சமதரையில் 35-க்கு மேல் மிதித்து ஓட்டுகிறவர் ஏற்காட்டுக்குக் கியர் கேட்டு எழுதமாட்டார். இறக்கத்தில் 40-ஐத் தொட மிதிக்கவே தேவையில்லை, பிரேக்தான் பிடிக்க வேண்டியிருக்கும். இதற்குச் செலவு கொஞ்சம் கூடும்; முன் டிரெயிலியரை சீட் குழாயில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். இப்போதிருக்கும் அச்சு புது கிராங்குக்குப் பொருந்துமா என்று கடைக்காரர் கழற்றிப் பார்த்துச் சொல்வார்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் 24/34 = 0.71, ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர். கரவல்லியிலிருந்து 70 வளைவு ஏறும் கொல்லிமலைக்கும், மசினகுடியிலிருந்து 36 வளைவில் ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலைக்கும் போகிற எண்ணம் இருந்தால் இது வேண்டும், முக்கியமாகக் கல்லட்டிக்கு. பின்னால் பை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும் வேண்டும். ஆனால் இதற்கும் கீழே இறங்கிப் பயனில்லை. மணிக்கு 4 கிலோமீட்டருக்குக் கீழே போனால் ஹேண்டில்பார் இடதும் வலதுமாக அலையும், சைக்கிளை நிமிர்த்தி வைப்பதற்கே உடம்பு வேலை செய்யும். அந்த வேகத்தில் இறங்கித் தள்ளினாலும் அதே நேரத்தில்தான் போய்ச் சேர்வீர்கள். தள்ளுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. அதுவும் ஒரு கியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

14-34 வாங்குவதாக முடிவுசெய்தால் கடைக்குப் போகும் முன் மூன்று விஷயம். உங்கள் பின் டிரெயிலியர் 34 பல்லைத் தாங்குமா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். சிலவற்றுக்கு 28 தான் எல்லை. அடுத்தது செயின் நீளம். பின்னால் 6 பல் கூடினால் இப்போதைய செயின் நீளம் பற்றாமல் போகலாம். பற்றாமலே ஓட்டி, தெரியாமல் முன்னால் பெரிய பல்லும் பின்னால் பெரிய பல்லும் போட்டீர்களானால் செயின் விறைத்து டிரெயிலியரையே பிய்த்து எடுத்துவிடும், சில நேரம் அது மாட்டியிருக்கும் சட்டத்துக் காதையும் சேர்த்து. அந்தச் சேர்க்கையில் ஓட்டக் கூடாது என்று தெரிந்திருந்தாலும், களைத்துப்போய் ஏறும்போது கை எதைத் தட்டும் என்று சொல்ல முடியாது. ஆகவே அதற்கும் எட்டுகிற நீளத்தில் புதுச் செயின் போட்டுவிடுங்கள். மூன்றாவது, பழைய ப்ரீவீலைக் கழற்றுவது. அது மரையில் மாட்டியிருப்பது. நீங்கள் மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகும், மலை ஏறிய சைக்கிளில் இன்னும் மோசம். அதற்குரிய கழற்றியும் பட்டறையில் வைஸும் இல்லாத கடையில் சுத்தியலும் உளியும் வெளியே வரும். அப்படி ஒரு கடையாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

மாட்டி முடித்ததும் பெரிய பல்லில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். டிரெயிலியரின் மேல் உருளை 34 பல்லில் உரசினால், அதன் பின்புறத்தில் இருக்கும் சின்னத் திருகை உள்ளே முறுக்க வேண்டும், உருளை விலகும் வரை. இதைக் கடையிலேயே, ஆள் சைக்கிள்மேல் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தபின் முடித்துக்கொள்வது நல்லது. ஸ்டாண்டில் அமைதியாகச் சுற்றுகிற கியர், மேலே 70 கிலோ ஏறியதும் சத்தம் போடுவது உண்டு.